அலைக்கு யார் முதல் ஆள்? கோவளத்தில் சர்ஃப் போர்டைத் தூக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் திருப்பத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வாரம் முழுக்க ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் லேப்டாப்பைப் பார்த்துச் சலித்தவர்கள், இன்ஸ்டாகிராமில் பார்த்த ஏதோ ஒரு ரீலை நம்பி அதிகாலையில் எழுந்து வந்திருக்கிறார்கள். மணலில் படுத்துக்கொண்டு "ஒன்... டூ... அப்!" என்று எழுந்து நிற்கும் பயிற்சி நடக்கிறது. கொஞ்சம் உள்ளே, பல வருடம் பழகியவர்கள் போர்டில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கிறார்கள். அதே நேரத்தில்தான் மீன் பிடிக்கப் போன ஃபைபர் படகுகள் கரை திரும்புகின்றன. சற்றுத் தள்ளி, பேன்ட்டை மடித்துவிட்டுக் கால் நனைக்கும் குடும்பங்கள்.

ஒரே தண்ணீர், நாலு வகை ஆட்கள். சிக்னல் கிடையாது, வெள்ளைக் கோடு கிடையாது, டிராஃபிக் போலீஸும் கிடையாது. எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது?

இதற்கு விதிகள் இருக்கின்றன. சில உலகம் முழுக்க ஒன்றுதான். சில அந்தந்த ஊருக்கே உரியவை. பெரும்பாலானவற்றை யாரும் எழுதி ஒட்டவில்லை. அதனால்தான் முதல் முறை போகிறவர், தான் என்ன தப்பு செய்தோம் என்பதே தெரியாமல் யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். திட்டோடு போனால் பரவாயில்லை. போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு போன்ற ஃபின் முகத்தில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும்.

ஓர் அலை, ஓர் ஆள்

சர்ஃபிங்கின் அடிப்படை விதி இதுதான்: அலை எங்கே முதலில் உடைகிறதோ, அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் விதி மறக்காது. நல்ல அலை ஒரே நேரத்தில் முழுசாக உடைவதில்லை. ஒரு முனையில் உடையத் தொடங்கி, ஜிப் இழுப்பது போலப் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும். சறுக்குபவர் அந்த உடையும் முனைக்குச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் வெள்ளை நுரை, முன்னால் இன்னும் உடையாத வழவழப்பான சுவர். அந்தச் சுவரில் திடீரென்று வேறொருவர் ஏறினால், முதல் ஆளுக்குப் போக வழியே இல்லை. ஒன்று மோத வேண்டும், அல்லது நுரைக்குள் விழ வேண்டும். இப்படி குறுக்கே ஏறுவதை 'டிராப் இன்' என்பார்கள். சர்ஃபர்கள் மத்தியில் இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

போட்டிகளிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது. இப்படிப்பட்ட போட்டிகளில் அடுத்தவரின் அலையில் குறுக்கிட்டால் நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டுவார்கள். வார இறுதியில் வெட்டுவதற்கு மதிப்பெண் கிடையாது. மூக்கு மட்டும் இருக்கிறது.

நடுவில் உடைந்து இரண்டு பக்கமும் பிரியும் அலை என்றால், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் போகலாம். "லெஃப்ட்!", "ரைட்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இங்கே இடம், வலம் என்பது கரையைப் பார்த்துச் சறுக்கும் ஆளின் கணக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் கரையைப் பார்த்து நின்றால் வலது கை வடக்கு. தென்மேற்குப் பருவக்காலத்தில் தெற்கிலிருந்து அலை வரும்போது, அது பெரும்பாலும் வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். ஆக, அந்த மாதங்களில் முதல் உரிமை பொதுவாக உங்களுக்குத் தெற்கே இருப்பவருடையது. ஏறும் முன் இடது தோளுக்கு மேலே ஒரு தடவை பாருங்கள். பைக்கில் வலது பக்கம் திரும்பும் முன் கண்ணாடி பார்ப்பதில்லையா, அதே பழக்கம்தான்.

இன்னொரு கெட்ட பழக்கம், வரிசையில் காத்திருப்பவரைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வது. பாம்பு மாதிரி வளைந்து போவதால் இதற்கு 'ஸ்நேக்கிங்' என்று பெயர். ரேஷன் கடை வரிசையில் பின்னால் வந்தவர் "ஒரே நிமிஷம்" என்று முன்னால் போய் நின்றால் நமக்கு என்ன தோன்றுமோ, அதேதான் அங்கும் தோன்றும்.

உள்ளே போகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும்?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். போர்டில் படுத்துக் கையால் துழாவி உள்ளே போய்க்கொண்டிருக்கிறீர்கள். எதிரே ஒருவர் சறுக்கிக்கொண்டு நேராக வருகிறார். மனசு என்ன சொல்லும்? அவருக்கு முன்னால் வேகமாகக் குறுக்கே கடந்து, உடையாத அலைப் பக்கம் தப்பித்துவிடலாம் என்று சொல்லும். கூடாது. அவர் போகப்போவதே அந்தப் பக்கம்தான்.

நுரை இருக்கும் பக்கம், அதாவது அவருடைய முதுகுப் பக்கம் போக வேண்டும். நுரை உங்களைப் புரட்டும், மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறும். ஆனால் மோதல் நடக்காது. விட்டுக்கொடுப்பவருக்குத்தான் சிரமம் என்பது இந்த விளையாட்டின் ஒப்பந்தம். நாளைக்கு நீங்கள் சறுக்கிவரும்போது இன்னொருவர் அந்த நுரையை வாங்கிக்கொள்வார்.

இதைவிட நல்லது, சறுக்குபவர்களின் பாதையில் போகாமல் ஓரமாகச் சுற்றிப் போவது. அலை உடையாத ஆழமான தடம் பெரும்பாலும் எங்காவது இருக்கும். உங்கள் பயிற்றுநர் அதைக் காட்டுவார். காட்டாவிட்டால் கேளுங்கள்.

ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நின்றுகொண்டு துடுப்பு போடுவதால் அலை வருவதை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். எல்லோருக்கும் முன்னால் அதைப் பிடிக்கவும் முடியும். அதற்காக வருகிற அலையை எல்லாம் பிடித்தால், கரையோரம் உட்கார்ந்திருக்கிற சின்ன போர்டுக்காரருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. பிடிக்க முடியும் என்பதாலேயே பிடிக்கக் கூடாது.

ராமேஸ்வரம் பக்கம் போய்க் காற்றாடி கட்டிச் சறுக்கும் கைட் சர்ஃபிங் கற்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. காற்றாடிக்கும் ஆளுக்கும் நடுவே இருபது மீட்டருக்கு மேல் கயிறு ஓடும். எதிரெதிரே வந்தால் வலது கை முன்னால் இருக்கும்படி போகிறவருக்கு வழி. ஒரே திசையில் ஒருவரை ஒருவர் தாண்டும்போது, காற்று வரும் பக்கம் இருப்பவர் காற்றாடியை உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர் தாழ்த்திக்கொள்ள வேண்டும். குளிப்பவர்கள் இருக்கும் கரையில் காற்றாடியை மேலே ஏற்றவே கூடாது.

காலில் ஒரு கயிறு

போர்டையும் கணுக்காலையும் இணைக்கும் கயிறுதான் லீஷ். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் பரவிய யோசனை இது. வெட்சூட் வியாபாரத்தில் பெயர்பெற்ற ஜாக் ஓ'நீலின் மகன் பேட், ரப்பர் கயிற்றை வைத்து இதைச் செய்துபார்த்தார். அப்படிப்பட்ட ஒரு கயிறு இழுத்துத் திரும்பச் சுண்டிவிட்டதில் போர்டு வந்து அடித்து, ஜாக் ஓ'நீல் இடது கண்ணை இழந்தார். வாழ்நாள் முழுக்கக் கறுப்புக் கண்மூடியோடு அவரைப் படங்களில் பார்க்கலாம். இன்றைய லீஷ் அவ்வளவு சுண்டாத பாலியூரித்தேன் கயிறு. ஆனால் பாடம் அப்படியேதான் இருக்கிறது: விழுந்தவுடன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மேலே வாருங்கள்.

லீஷ் உங்களுக்காக மட்டும் கட்டுவதில்லை, பின்னால் இருப்பவருக்காகவும்தான். அறுந்து ஓடும் ஒன்பதடி ஃபோம் போர்டு, கரையோரம் விளையாடும் குழந்தையின் உயரத்தைவிட மூன்று மடங்கு. சரி, லீஷ் இருக்கிறதே என்று பெரிய அலை வரும்போது போர்டை வீசிவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கலாமா? கணக்குப் போடுங்கள். ஒன்பதடி போர்டு, ஒன்பதடி கயிறு. உங்களைச் சுற்றிப் பதினெட்டு அடிக்கு அந்தப் போர்டு வீசப்படும். பின்னால் யாராவது இருந்தால் போர்டை விடாதீர்கள்.

நீலக் கொடி வேறு, கறுப்பு வெள்ளைக் கொடி வேறு

கோவளம் கடற்கரையின் ஒரு பகுதிக்கு 2021இல் 'நீலக் கொடி' சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் முதல் முறை. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, தண்ணீர்த் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர் என 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரும் சான்று அது. நீலக் கொடி பறக்கிறது என்றால் 'இன்று கடலில் இறங்கலாம்' என்று அர்த்தமில்லை. அது கடற்கரையின் தரச்சான்று. இன்றைய கடலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இன்றைய கடலைப் பற்றிச் சொல்லும் கொடிகள் வேறு. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு கொடிகள் இடைவெளி விட்டு நட்டிருந்தால், நடுவில் இருப்பது உயிர்காப்பாளர் கண்காணிக்கும் குளிக்கும் பகுதி. அங்கே போர்டு கொண்டுபோகக் கூடாது. கறுப்பும் வெள்ளையும் நான்கு கட்டங்களாக இருக்கும் கொடி, போர்டுகளுக்கான பகுதி. அங்கே குளிக்கக் கூடாது. தனிச் சிவப்பு, ஆபத்து. இரட்டைச் சிவப்பு, கடல் மூடப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு நிறக் காற்றுப் பை தொங்கினால், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கிறது, காற்றடைத்த மிதவைகளோடு இறங்காதீர்கள் என்று பொருள். ஆன்சைட் வேலைக்கு சிட்னி, லண்டன் என்று போகிறவர்களுக்கு இது கண்டிப்பாக உதவும். பாண்டை கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே சர்ஃப் போர்டோடு இறங்கிப் பாருங்கள், உயிர்காப்பாளரின் மைக்கில் உங்கள் சட்டை நிறம் ஊருக்கே கேட்கும்.

சில ஊர்களில் கொடியோடு நேரமும் சேர்ந்துகொள்ளும். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில், மஞ்சள் கொடி நடுவில் கறுப்பு வட்டம் ஏறினால் போர்டுகளுக்குத் தடை. அங்கே 'வெட்ஜ்' என்று ஓர் இடம். துறைமுகத் தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை, பின்னால் வரும் அலையோடு சேர்ந்து வீடு உயரத்துக்கு எழும்பும். வெறும் உடம்பால் சறுக்குகிறவர்களுக்கும் போர்டுக்காரர்களுக்கும் அந்த அலைக்காகப் பல வருடச் சண்டை. 1993இல் நகர மன்றம் ஒரு முடிவெடுத்தது: மே 1 முதல் அக்டோபர் 31 வரை, காலை 10 முதல் மாலை 5 மணி வரை அங்கே போர்டே கூடாது. மற்ற நேரம் யாரும் வரலாம். எளிமையான தீர்வு, ஒரே அலையை நேரத்தால் பங்குபோட்டார்கள். போர்டுக்காரர்களின் முணுமுணுப்பு அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் யாருக்கு எப்போது என்பதில் சந்தேகம் இல்லை.

நம் கரையில் பெரும்பாலான இடங்களில் கொடியும் இல்லை, நேரமும் இல்லை. இருப்பது 'குளிக்காதீர்கள், ஆழம் அதிகம்' என்ற ஒரு துருப்பிடித்த பலகை. எல்லோரையும் தடுக்கும் பலகை யாரையும் தடுப்பதில்லை.

படகு வந்தால் பேச்சே இல்லை

கோவளத்துக்கே உரிய விதிகளில் முதலாவது இதுதான். எந்தச் சர்வதேசப் புத்தகத்திலும் இதை முதலில் போடமாட்டார்கள். இங்கே போட வேண்டும்: மீன்பிடிப் படகு வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள். போவதானாலும் வருவதானாலும்.

மரியாதை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இயற்பியல். அலை உடையும் பகுதியைக் கடந்து கரையேறும் படகை, பின்னாலிருந்து அலை தள்ளிக்கொண்டு வரும். அந்த இடத்தில் படகோட்டியால் பிரேக் போட முடியாது. உங்களுக்காகச் சட்டென்று திருப்பினால், படகு அலைக்குக் குறுக்கே விழுந்து கவிழும். அதனால்தான் அவர் வெளியே நின்று, அலைகளை எண்ணிப் பார்த்து, ஒரு இடைவெளி கிடைத்ததும் ஒரே மூச்சில் உள்ளே வருகிறார். அந்த ஒரே மூச்சின் பாதையில் நீங்கள் போர்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு வேறு வழி இல்லை. கீழே சுற்றும் புரொப்பல்லருக்கு லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

படகுகள் எங்கே ஏறுகின்றன என்பது கரையைப் பார்த்தாலே தெரியும். மணலில் இழுத்த தடம் இருக்கும், படகுகள் வரிசையாக நிற்கும், வலை காயும். அதற்கு நேரே இருக்கும் தண்ணீர் படகுப் பாதை. அங்கே போர்டோடு காத்திருக்காதீர்கள். மணலில் விரித்த வலை மீது நடக்காதீர்கள், அதன்மேல் போர்டை வைக்காதீர்கள். வலையில் ஒரு கண் அறுந்தால் உட்கார்ந்து பின்னுவது யாரோ ஒருவருடைய அரை நாள் வேலை. கடலில் தெர்மாகோலோ பிளாஸ்டிக் கேனோ வரிசையாக மிதந்தால், கீழே வலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபின்னும் லீஷும் அதில் சிக்கினால் உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் நஷ்டம்.

"ஏப்ரல், மே மாதத்தில் மீன்பிடித் தடைக்காலம்தானே, படகே வராதே" என்று சிலர் சொல்வதுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கானது. கோவளம் மாதிரிக் குப்பங்களின் ஃபைபர் படகுகள் அந்த நாள்களிலும் கடலுக்குப் போகும்.

கோவளத்தில் சர்ஃபிங்கைக் கொண்டுவந்தவர்களே அந்த ஊர் மீனவப் பிள்ளைகள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் அங்கே சர்ஃப் பள்ளி தொடங்கினார். கட்டுமரத் துண்டிலும் பலகையிலும் அலையேறிப் பழகிய தலைமுறை அது. அந்தப் பள்ளியின் பெயரோடு சேர்ந்து பரவிய முதல் விதி தண்ணீரைப் பற்றியதே இல்லை: புகை கூடாது, குடி கூடாது, சர்ஃபிங் மட்டும். முந்தைய இரவு ரிசார்ட்டில் பார்ட்டி முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு காலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் உறைத்தால் நல்லது.

உள்ளூர்க்காரருக்கு அதிக உரிமை உண்டா?

இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. உலகின் பல சர்ஃப் ஊர்களில் 'இது எங்கள் அலை' என்ற மனநிலை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே லுனாடா பே என்ற வளைகுடா இதற்குப் பேர்போனது. வெளியாள் சர்ஃப் செய்ய வந்தால் கல்லெறிவது, கார் டயரைக் கிழிப்பது என்று 'பே பாய்ஸ்' என்றழைக்கப்பட்ட கூட்டம் பல ஆண்டுகள் மிரட்டிவந்தது. கரையில் கல்லடுக்கித் தங்களுக்கென ஒரு கொட்டகையே கட்டிவைத்திருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் பலர் வசதியான வீட்டுக்காரர்கள், நடுத்தர வயதைத் தொட்டவர்கள். 2016இல் விவகாரம் நீதிமன்றம் போனது. அந்த ஆண்டின் இறுதியில் கொட்டகையை நகர நிர்வாகம் இடித்தது.

ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு நடந்தது இன்னும் மோசம். 1966இன் உலக சாம்பியன் நாட் யங், தான் வசித்துவந்த ஆங்கோரியில் அலைத் தகராறில் ஓர் இளைஞனை அறைந்தார். இளைஞனின் அப்பா திருப்பி அடித்த அடியில் யங்கின் முக எலும்புகள் நொறுங்கின. அவர் பிறகு சர்ஃபர்களின் ஆத்திரத்தைப் பற்றிப் புத்தகமே கொண்டுவந்தார். யாருக்கு முன்னுரிமை என்பதை எழுதிப் பலகையாகக் கரையில் வைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? கடற்கரை பொதுச் சொத்து. எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு போன்றவற்றை மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. ஆக, எந்தப் பள்ளியும் எந்த ரிசார்ட்டும் எந்தக் குழுவும் 'இந்த அலை எங்களுடையது' என்று சொல்ல முடியாது. காசு கட்டி வந்த மாணவர்களுக்காக மற்றவரைத் தண்ணீரிலிருந்து வெளியேற்ற முடியாது.

ஆனால் லுனாடா பேயையும் கோவளத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. பே பாய்ஸ் காத்தது ஒரு பொழுதுபோக்கை. இங்கே மீனவர் கேட்பது வேலைக்குப் போய்வர ஒரு பாதை. கடலுக்கு எப்போது போவது, எந்த வலை போடுவது, எந்த நாளில் போகாமல் இருப்பது என்று மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் காலங்காலமாகத் தமக்குள் விதி வகுத்துக்கொண்டவை. நாளைக்கு யாராவது இங்கே சர்ஃபிங் விதிகளை எழுதி, மூன்று மொழியில் பலகை வைக்க நினைத்தால், அந்தப் பஞ்சாயத்துக்காரர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். சென்னையில் ஏ.சி. அறையில் எழுதி வந்து நட்டால் அதுவும் அந்தத் துருப்பிடித்த பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையாக நிற்கும். படகுப் பாதை இது, குளிக்கும் இடம் இது, போர்டு இது என்று கரையை மூன்றாகப் பிரிக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆறு கம்பம், ஆறு கொடி, அதைத் தினமும் காலையில் நட ஓர் ஆள். யாராவது அடிபட்ட பிறகு, ஒட்டுமொத்தமாகத் தடை போடுவதுதான் நம் ஊர் வழக்கம். அந்தத் தடையில் முதலில் வேலை இழப்பது அந்த மீனவப் பிள்ளைகளான பயிற்றுநர்களாகத்தான் இருக்கும்.

வெயில் அடித்தாலும் கடலை நம்பாதீர்கள்

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது. புயல் இல்லை, மழை இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த காற்றில் கிளம்பிய அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து எழும்பும். கேரளத்தில் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். சொல்லாமல் வருவதால் கள்ளம். இப்போது அது முழுக்கச் சொல்லாமல் வருவதும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த நாளிலும் எச்சரிக்கை இருந்தது. வார இறுதிக்கு அறை புக் செய்யும் முன் மழை வருமா என்று பார்க்கிறோம், இன்காய்ஸ் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றுக் காலம். வடகிழக்குப் பருவமழையோடு கடல் கலங்கி, நீரோட்டம் திசை மாறி ஓடும். பழகியவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள். முதல் வகுப்புக்கான காலம் அது இல்லை.

ரிப் கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப்போக ஒரு வழி வேண்டும். அது ஒடுங்கிய தடமாகக் கடலை நோக்கி வேகமாக ஓடும். பார்க்க எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் கறுத்து, அமைதியாக. "இங்கே அலையே இல்லை, இங்கேயே குளிப்போம்" என்று குடும்பத்தோடு இறங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். போர்டு இருந்தால் அதை விடவே விடாதீர்கள். அதன்மேல் படுத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தி ஆட்டினால், உதவி வேண்டும் என்று அர்த்தம். கரையில் இருப்பவர்கள் 108ஐயும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093ஐயும், கடலோரக் காவல்படையின் 1554ஐயும் அழைக்கலாம். சர்ஃபர்களுக்கு இந்த ரிப் கரண்ட் லிஃப்ட் மாதிரி, அதில் ஏறித்தான் உள்ளே போவார்கள். அதைப் பார்த்து நீங்களும் போய்விடாதீர்கள்.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

வகுப்புக்குப் பணம் அனுப்பும் முன் நாலே கேள்வி போதும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? அவருக்கு உயிர்காப்புப் பயிற்சியும் சி.பி.ஆரும் தெரியுமா? அலை பெரிதானால் வகுப்பை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தருவீர்களா? படகுகள் எந்த நேரத்தில், எந்தப் பக்கம் ஏறும்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் கைகாட்டிப் பதில் சொல்கிற ஆள், அந்தக் கரையை அறிந்தவர். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், ஜாலியா வாங்க" என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

நீச்சல் தெரியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்பளவு நுரைத் தண்ணீரிலேயே முதல் நாள் முழுவதும் கழியும். அங்கேயே எழுந்து நிற்கவும் முடியும். யாரையாவது இடித்துவிட்டால் கையைத் தூக்கி, "ஸாரி ண்ணா, தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லுங்கள். தண்ணீரில் நடக்கும் சண்டைகளில் பாதி, அந்த ஒரு வார்த்தை வராததால் வருவதுதான்.